காய் வெட்டுகிறவனின் கணக்கு

ஹோட்டல் கிச்சனுக்கு யார் புதிதாக வந்தாலும் முதலில் கையில் கொடுப்பது வெங்காயம்தான். எனக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு சைவ ஹோட்டல். விடியற்காலையில் இட்லி இறங்க ஆரம்பித்தால் நடுநிசி நெருங்கும்வரை தோசைக்கல் ஆறாது. அங்கே காய்வெட்டில் சில வருடம் இருந்துவிட்டு, இப்போது வேறு ஊரில் சரக்கு மாஸ்டராக இருக்கிறேன். சாம்பார், குழம்பு, கூட்டு, குருமா போடுகிறவரை எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். இந்த வேலைக்கு வரலாமா என்று கேட்கிற பையன்கள் எல்லோரிடமும் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் காய்வெட்டு என்றால் கைவேகம். கட்டையைப் பார்க்காமலே கேரட்டைச் சரசரவென்று சீவுகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வேகம் பெரிய விஷயமே இல்லை. தினமும் மூட்டை மூட்டையாக வெட்டினால் யாருக்கும் அது தானாக வந்துவிடும். தானாக வராதவை இரண்டு: எதை முதலில் வெட்டி எதைக் கடைசியில் வெட்டுவது என்கிற வரிசை, இன்றைக்கு எவ்வளவு வெட்டுவது என்கிற அளவு. இந்த இரண்டும் தெரிந்தவன் மெதுவாக வெட்டினாலும் மாஸ்டர் அவனை விடமாட்டார்.

வரிசையைப் பற்றி முதலில். காலை டிபனுக்கான வெங்காயம், மிளகாய், பூரி மசாலுக்கு உருளைக்கிழங்கு எல்லாம் முடிந்து, 7 மணி வாக்கில் மதியச் சாப்பாட்டுக் காய் கட்டைக்கு வரும். அன்றைக்கு வெண்டைக்காய் இருந்தால் முதல் வேலை அதைக் கழுவி, துணியில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே போட்டுவிடுவது. வெட்டுவது அப்புறம். ஈரத்தோடு வெட்டினால் கத்தியிலேயே கொழகொழவென்று இழுக்கும், எண்ணெயில் போட்டாலும் சுருளாது. அது காய்வதற்குள் பீன்ஸ், கேரட், பூசணி, சௌசௌ என்று கொஞ்சநேரம் கிடந்தாலும் கெடாத காய்களை முடித்துவிடலாம். உருளையும் வாழைக்காயும் தோல் சீவியதும் தண்ணீருக்குள் போகவேண்டும். கத்திரிக்காயை மாஸ்டர் சட்டியை அடுப்பில் ஏற்றிய பிறகுதான் தொடுவேன். தண்ணீரில் போட்டாலும் கொஞ்சம் கருக்கத்தான் செய்யும், அந்தக் கறுப்பு எண்ணெய்க் கத்திரிக்காயில் தெரியாது, பொரியலில் தெரிந்துவிடும். பீட்ரூட் எப்போதும் கடைசி. அதை முன்னால் வெட்டினால் கட்டை, கை, அதற்குப் பின் வருகிற முட்டைக்கோஸ் எல்லாம் சிவந்துவிடும்.

கீரைக்கு ஒரு விஷயம். பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பிக் கீரையை அலசியதும் பலர் அப்படியே சாய்த்துத் தண்ணீரை வடிப்பார்கள். அடியில் இறங்கிய மண் திரும்பவும் கீரையிலேயே ஏறிவிடும். கீரையைக் கையால் அள்ளி வெளியே எடுத்துவிட்டு, அப்புறம் தண்ணீரைக் கொட்ட வேண்டும். இப்படி மூன்று தண்ணீர். மழைக்காலத்தில் நாலு. இதைச் சொல்லிக்கொடுத்தது மாஸ்டர் இல்லை, தினக்கூலிக்குக் கீரை ஆய வருகிற ஓர் அக்கா. "தம்பி, ஒருத்தர் பல்லுல ஒரு மண்ணு கடிச்சாப் போதும், அப்புறம் அவரு அந்தக் கீரையத் தொடமாட்டாரு" என்பார். சின்ன வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது மூன்றும் பெரும்பாலும் இப்படிப்பட்ட அக்காக்கள் கையில்தான் இருக்கின்றன. சமையல்காரர்கள் கணக்கில் யாரும் அவர்களைச் சேர்ப்பதில்லை. அவர்கள் ஒருநாள் வராவிட்டால் தெரியும், சாம்பாரில் பெரிய வெங்காயம் மிதக்கும்.

திருச்சியில் வேலை கற்றுக்கொண்டால் வாழையில் கை தேறிவிடும். தொட்டியம், முசிறி, லால்குடி என்று சுற்றிலும் வாழைதான். காய், பூ, தண்டு, இலை எல்லாமே காந்தி மார்க்கெட்டுக்கு வந்து இறங்கும். வாழைப்பூவில் ஒவ்வொரு பூவாகப் பிரித்து, வேகாத நரம்பையும் (கள்ளன் என்போம்) அடியில் கண்ணாடி மாதிரி இருக்கிற சின்ன இதழையும் உருவிவிட்டு மோர் கலந்த தண்ணீரில் போட வேண்டும். நாலு பூ ஆய்ந்தால் அரைமணி போய்விடும். வாழைப்பூ வடை போட்டால் நன்றாக விற்கிறதே, தினமும் போடலாமே என்று முதலாளி கேட்பார். யார் உட்கார்ந்து ஆய்வது என்று மாஸ்டர் என்னைப் பார்ப்பார். தண்டை வட்டமாக நறுக்கும்போது ஒவ்வொரு வட்டத்துக்கும் நாரை விரலில் சுற்றி எடுத்துக்கொண்டே போகவேண்டும். கையில் தேங்காய் எண்ணெய் தடவாமல் வாழையைத் தொட்டால் அந்தக் கறை ஒரு வாரம் போகாது. சேனைக்கும் சௌசௌவுக்கும் அதே எண்ணெய்தான் காப்பு. சேனை அரிக்கும், சௌசௌ பால் காய்ந்ததும் கைத்தோல் உரிகிற மாதிரி இழுக்கும். பச்சை மிளகாய் கிலோ கணக்கில் நறுக்குகிற நாளில் எண்ணெய் தடவியும் இரவு விரல் எரியும். அன்றைக்குக் கண்ணைக் கசக்கக்கூடாது, அவ்வளவுதான் வைத்தியம்.

அளவு ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று மாஸ்டர்கள் கத்துவது அழகுக்காக என்று நினைத்திருந்தேன். கூட்டுச் சட்டியில் வெந்துகொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. சின்னத் துண்டு குழைந்து கரையும்போது பெரிய துண்டின் நடுப்பகுதி நறுக்கென்று இருக்கும். மாஸ்டர் பெரியதுக்காகக் காத்திருந்தால் மொத்தமும் களி. ஆகவே சட்டியில் கெட்டுப்போகிற பாதிச் சமையல் கட்டையிலேயே கெட்டது என்பது என் கட்சி. சரக்கு மாஸ்டராக ஆனபின் இந்தக் கட்சி இன்னும் பலமாகியிருக்கிறது.

தேங்காயில் ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். உடைத்த ஒவ்வொரு மூடியையும் தனியாக மோந்து பார்த்துவிட்டுத்தான் துருவலுக்குப் போடுவது. 40 தேங்காயில் ஒன்று காறல் என்றால் அந்த ஒன்றைத் துருவிக் கலந்துவிட்ட பிறகு 40-ஐயும் கொட்டவேண்டியதுதான், தாளிப்பில் எதைப் போட்டும் மறைக்க முடியாது. துருவிய தேங்காய் வெளியில் இருந்தால் திருச்சி வெயிலுக்கு ரொம்பநேரம் தாங்காது. சட்னியையும் ஒரே தடவையில் அரைத்து வைக்காமல், கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்கிற ஹோட்டலில்தான் 10 மணிக்கும் சட்னி வெள்ளையாக இருக்கும்.

மாவு என் பொறுப்பில் இல்லை, அதற்குக் கிரைண்டர் மாஸ்டர் தனி. ஆனால் ஊறப்போடுவது காய்வெட்டுக்காரன் தலையில் விழும். இட்லிக்கு அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் கொஞ்சம். அரிசி நாலைந்து மணிநேரம், உளுந்து அதில் பாதிக்கும் குறைவு. இரண்டையும் ஒரே நேரத்தில் நனைத்து வைத்துவிட்டுப் போனால் கிரைண்டர் மாஸ்டர் வாயைத் திறப்பார். சித்திரை வைகாசியில் உளுந்து அரைக்க ஐஸ் தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் கல் சூட்டில் மாவு பொங்காமல் போகும். மார்கழியில் அதே மாவு புளிக்க இன்னும் சிலமணி நேரம் கூடக் கேட்கும். கிரைண்டர் ஓடும்போது கையை உள்ளே விடாதே, தோளில் துண்டு போட்டுக்கொண்டு குனியாதே என்று மட்டும் ஒவ்வொரு புதுப் பையனுக்கும் முதல்நாளே சொல்லிவிடுவேன். மாவு தள்ளுவதற்கு நீளக் கரண்டி இருக்கிறது.

இனி அளவு. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் சுவாரசியமான பகுதி இதுதான்.

நூறு சாப்பாட்டுக்குப் பொரியலுக்கு 8 கிலோ பீன்ஸ் என்பது எங்கள் ஹோட்டல் கணக்கு. இரண்டாவது தடவை கேட்கிறவர்களையும் சேர்த்துத்தான். முட்டைக்கோஸ் என்றால் 10 கிலோ, ஏனென்றால் வதங்கி இறங்கிவிடும். காலிஃப்ளவர் வாங்கினால் இலையும் தண்டும் போகப் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும். எத்தனை கிலோ வாங்கினோம் என்பது வேறு, கட்டையிலிருந்து சட்டிக்கு எத்தனை கிலோ போனது என்பது வேறு. ஸ்டோருக்கு இன்டென்ட் (தேவைப்படும் சரக்குப் பட்டியல்) எழுதுகிறவன் முதல் எண்ணை எழுதவேண்டும், மாஸ்டருக்குப் பதில் சொல்கிறவன் இரண்டாவது எண்ணைச் சொல்லவேண்டும்.

ஆனால் இன்றைக்கு 300 சாப்பாடா 500 சாப்பாடா? அதற்கு நாட்காட்டிதான் கதி. கிச்சனில் தினசரிக் காலண்டர் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குவது பக்தியால் மட்டுமில்லை.

அமாவாசை என்றால் வெங்காயம் பூண்டு இல்லாத சாம்பார் ஒன்று தனியாக வேண்டும், வாழைக்காயும் பூசணியும் கூடுதலாக வேண்டும். அதிலும் ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் தர்ப்பணம் கொடுக்க வெளியூரிலிருந்து கூட்டம் கூட்டமாக வருவார்கள். பலர் வீடு திரும்பித்தான் சாப்பிடுவார்கள், ஆகவே கூட்டத்தைப் பார்த்து மயங்கிச் சாப்பாட்டைக் கூட்டிவிடக் கூடாது. காபியும் டிபனும்தான் கூடும். ஆடிப்பெருக்குக்கும் அப்படித்தான், கட்டுச்சோற்றோடு காவிரிக்கு வருகிறவர்கள் மதியம் நம்மிடம் வரமாட்டார்கள். புரட்டாசி மாதம் முழுக்க அசைவக்காரர்களும் நம் பக்கம் திரும்புவதால் சாப்பாடு கூடும், சனிக்கிழமை இன்னும் கூடும். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். 50 பேர் ஒரே நேரத்தில் உட்காருவார்கள், முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். அந்த மாதம் உருளைக்கிழங்கு எப்போதும் ஒரு குண்டா கூடுதலாக வெந்திருக்க வேண்டும், எதையும் அதை வைத்துச் சமாளித்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே வைகுண்ட ஏகாதசி. சொர்க்கவாசல் திறக்கிற அன்று விரதம் இருக்கிறவர்கள் அரிசி தொடமாட்டார்கள். ரவா உப்புமா, கோதுமை ரவை, சப்பாத்தி என்று கேட்பார்கள், அதிலும் வெங்காயம் கூடாது. விரதம் இல்லாதவர்கள் வழக்கம்போல வெங்காய ஊத்தப்பம் கேட்பார்கள். ஆகவே கட்டையும் கத்தியும் இரண்டிரண்டு, வெங்காயம் பட்ட கத்தி இந்தப் பக்கம் வரக்கூடாது. மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் இலையில் வேண்டும் என்று எங்கள் முதலாளி பிடிவாதம். அகத்தி ஆய்வதைப் போலப் பொறுமையைச் சோதிக்கிற வேலை கிடையாது. பொடிப்பொடி இலை, காம்பு நீக்கவேண்டும், அண்டா நிறையப் போட்டால் வெந்தபின் அடியில் ஒட்டிக்கிடக்கும். முதல்நாள் மாலையே நாலு அக்காக்களைச் சொல்லிவைத்து உட்கார வைத்தால்தான் முடியும்.

இதெல்லாம் யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. நான் செய்தது ஒன்றுதான்: ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, கிழமை, விசேஷம், எத்தனை சாப்பாடு போனது, எந்தக் காய் எவ்வளவு வெட்டினேன், எவ்வளவு மிஞ்சியது என்று தினமும் ஒருவரி எழுதினேன். ஆரம்பத்தில் மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். அடுத்த வருடம் அதே பண்டிகை வந்தபோது மாஸ்டரே, "டேய், போன தை அமாவாசைக்கு எவ்வளவு போச்சுன்னு உன் நோட்டுல பாருடா" என்றார். காய்வெட்டிலிருந்து நான் மேலே ஏறியதற்கு என் கத்தியைவிட அந்த நோட்டுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

விலையும் அளவை மாற்றும். 2019 டிசம்பரில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்த சமயம், எகிப்திலிருந்து இறக்குமதியான வெங்காயம் தமிழ்நாட்டுச் சந்தைகளுக்கும் வந்தது. வெங்காயம் அந்த விலைக்குப் போகிற நாட்களில் தயிர்ப்பச்சடியில் வெள்ளரி ஏறும், பக்கோடாவில் முட்டைக்கோஸ் ஏறும், வெங்காய ஊத்தப்பத்தின் மேலே வெங்காயத்தைத் தேடவேண்டும். கட்டையில் நமக்கு வருகிற உத்தரவு ஒன்றே: தலையையும் வாலையும் மெல்லிசாக வெட்டு. சாதாரண நாளிலும் அப்படி வெட்டுகிற பழக்கம் இருந்தால் முதலாளி உன்னை மறக்கமாட்டார். எது எப்படிப் போனாலும் நறுக்கிய வெங்காயத்தை அடுத்த ஷிஃப்டுக்கு வைக்கக் கூடாது, ஒரு வாடை வந்துவிடும்.

கத்தி விஷயம். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும். கட்டைக்குக் கீழே ஈரத்துணி ஒன்றை விரித்துவிட்டால் கட்டை நகராது. விரல்நுனியை உள்ளே மடக்கி முட்டியைக் கத்திக்குக் காட்டு, அது போதும். அரிவாள்மனையில் பழகியவர்களைக் கத்திக்கு மாற்றத் தேவையில்லை. சின்ன வெங்காயத்துக்கும் வாழைப்பூவுக்கும் அவர்கள் நம்மைவிட வேகம். சூடு பட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டவேண்டும். பேஸ்ட், மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம், டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போது இன்னும் வலிக்கும். செருப்பில் மட்டும் காசு பார்க்காதே. கிச்சன் தரை எப்போதும் ஈரம், கையில் கொதிக்கிற சாம்பாரோடு யாராவது ஒருவர் எப்போதும் பின்னால் வந்துகொண்டிருப்பார். "பின்னால, பின்னால" என்று குரல் கொடுத்துக்கொண்டே நடப்பது மரியாதைக் குறைவு இல்லை.

சுத்தத்தைப் பற்றி அதிகாரிகள் வந்து வகுப்பு எடுப்பார்கள். எனக்கு அதில் உருப்படியாகத் தங்கியது ஒரு கணக்கு: 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் வெந்த உணவு கிடக்கிற நேரம் கிருமிக்குக் கொண்டாட்டம். வெந்த உருளை, வெந்த சுண்டல், தேங்காய் அரைத்த விழுது இவைதான் காய்வெட்டுக்காரன் கவனிக்க வேண்டியவை. பெரிய குண்டாவில் குவித்து வைத்தால் நடுப்பகுதி ஆறவே ஆறாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளவேண்டும். டப்பா மேலே தேதியும் நேரமும் எழுதி ஒட்டு, பழையதை முன்னால் வை. சமையல் ஆட்களுக்கு வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும் டைஃபாய்டு தடுப்பூசியும் உணவுப் பாதுகாப்பு விதிகளில் இருக்கின்றன. கேட்டு வாங்கிப் போட்டுக்கொள், நல்லது உனக்குத்தான்.

இப்போது எந்த ஹோட்டல் பின்கட்டுக்குப் போனாலும் பாதிப்பேர் ஒடிசா, பீகார், வங்காளம், நேபாளத்துப் பையன்கள். பியாஜ், ஆலு, லசுன் என்று நாலு வார்த்தை நமக்கும் வந்துவிடும், "சின்னதா", "பெருசா", "சீக்கிரம்" அவர்களுக்கு வந்துவிடும். அளவைச் சொல்லாமல் ஒரு துண்டு வெட்டிக் காட்டிவிட்டால் மொழியே வேண்டாம். அவர்களால்தான் நம் ஆட்களுக்கு வேலை போகிறது என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன்: விடிகாலை 4 மணி ஷிஃப்டுக்கு உங்கள் பையனை அனுப்புவீர்களா?

கடைசியாகக் காசு. நான் இருந்த வேறொரு இடத்தில் பையன்களுக்கு முதலிலேயே பெரிய அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். வாங்கும்போது முதலாளி தெய்வமாகத் தெரிவார். அப்புறம் அதைக் கழிக்கும்வரை லீவும் கேட்க முடியாது, வேலையையும் விட முடியாது. அட்வான்ஸ் வாங்காதே, அவசரம் என்றால் ஒருமாதச் சம்பளத்துக்கு மேல் வாங்காதே. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஹோட்டல் என்றால், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. உன் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம்தான், முதலாளி 3.25 சதவீதம் கட்டவேண்டும். சேர்ந்த முதல் மாதத்திலேயே இ.எஸ்.ஐ. நம்பரைக் கேள். கை வெட்டுப்பட்ட பிறகு கேட்டால் அலைய விடுவார்கள். சேரும்முன் கேட்கவேண்டிய மற்றவை: ஷிஃப்ட் ஒரே ஓட்டமா, நடுவில் மூன்றுமணி நேரம் விட்டுத் திரும்ப வரவேண்டுமா? தங்கும் அறையில் எத்தனை பேர்? வார விடுப்புக்குச் சம்பளம் உண்டா? இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்கிற சூப்பர்வைசர் இருந்தால் சேர்ந்துகொள். "வா தம்பி, பாத்துக்கலாம்" என்றால் அடுத்த ஹோட்டலுக்கு நட. ஆள் பஞ்சம் இருக்கிற தொழில் இது, காய் வெட்டத் தெரிந்தவனுக்கு நாளைக்கே வேலை கிடைக்கும்.